தூது சென்ற 58 பொம்மைகள்

நாடுகள் ஒன்றுக்கொன்று பரிசளித்துக்கொள்வது பழைய வழக்கம். யானை, குதிரை, வாள், பட்டு, ஓவியம் என்று அரசர்கள் அனுப்பியவற்றை வரலாற்றில் படிக்கிறோம். 1927ஆம் ஆண்டில் ஜப்பானியச் சிறுமிகள் அமெரிக்கக் குழந்தைகளுக்கு அனுப்பிய பரிசு சற்று விந்தையானது. அது 58 பொம்மைகள். ஒவ்வொன்றும் சுமார் 81 செ.மீ. உயரம், பட்டுக் கிமோனோ உடுத்தியது, கையில் கடவுச்சீட்டும் கப்பல் பயணச்சீட்டும் கொண்டது.

இந்தப் பொம்மைகள் எதனால் ஆனவை என்று கேட்டால் விடை வியப்பூட்டும். முகமும் கையும் மரத்தூளும் மாவுப் பசையும், அவற்றின் மேல் சிப்பித்தூளும் வச்சிரமும், தலையில் மனிதத் தலைமயிர், உடம்பில் பட்டு. ஈரம் பட்டால் ஊறுபவை, காய்ந்தால் சுருங்குபவை, வெயில் பட்டால் வெளுப்பவை, பூச்சி தின்பவை என இவற்றுள் ஏதேனும் ஒரு குறை இல்லாத பொருளே இல்லை. இவற்றால் ஆன பொம்மைகள் கடல் கடந்து, ஊர் ஊராகச் சுற்றி, ஒரு பெரும் போரையும் கடந்து, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நின்றிருக்கின்றன. அது எப்படி? கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் இயற்பியலும் சேர்ந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

சட்டமும் பொம்மையும்

1924ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டத்தை இயற்றியது. அதன்படி ஜப்பானியர் அந்நாட்டில் குடியேறுவது அறவே தடுக்கப்பட்டது. இச்செயலை ஜப்பானிய மக்கள் பெரிய அவமதிப்பாகக் கருதினர். இரு நாடுகளுக்கும் இடையே கசப்பு வளர்ந்தது.

சிட்னி கூலிக் என்ற அமெரிக்கப் பாதிரியார் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானில் வாழ்ந்தவர். ‘பெரியவர்களின் மனத்தை மாற்ற முடியாவிட்டால் குழந்தைகளிடமிருந்து தொடங்குவோம்’ என்பது அவருடைய எண்ணம். ஜப்பானில் மார்ச் 3ஆம் நாள் ‘ஹினா மட்சுரி’ என்னும் பெண் குழந்தைகளின் விழா நடைபெறும். அன்று வீடுகளில் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மைகளை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். நம் வீட்டுக் கொலுவைப் போன்ற காட்சி என்று எண்ணிக்கொள்ளலாம். 1927ஆம் ஆண்டு விழாவை ஒட்டி, அமெரிக்கப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் குழந்தைகள் சேகரித்த 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகளைக் கூலிக்கின் குழு ஜப்பானுக்கு அனுப்பியது. ஜப்பானியர் அவற்றை ‘நீலக்கண் பொம்மைகள்’ என்று அழைத்தனர். நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் அவை பகிர்ந்தளிக்கப்பட்டன.

இவற்றுள் பல, படுக்க வைத்தால் கண் மூடும். சாய்த்தால் ‘மா-மா’ என்று கூவும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இரு கண்களையும் இணைக்கும் கம்பியிலிருந்து தலைக்குள் ஓர் ஈயக் குண்டு தொங்கும். பொம்மையைப் படுக்க வைக்கும்போது தலை திரும்புகிறது. குண்டோ புவியீர்ப்பினால் செங்குத்தாகவே தொங்குகிறது. ஆகவே தலையைப் பொறுத்துக் கண்கள் சுழன்று, இமை கீழே வந்துவிடுகிறது. வயிற்றில் உள்ளது ஒரு சிறு துருத்தி. பொம்மையைச் சாய்க்கும்போது அதனுள் இருக்கும் எடை நகர்ந்து துருத்தியை அமுக்க, காற்று ஆர்மோனிய ரீடு போன்ற ஒரு நாக்கை அதிர வைத்து வெளியேறும். ‘அம்மா’ என்று அழைக்கும் அந்தக் குரலைக் கேட்டு ஜப்பானியக் குழந்தைகள் மயங்கியதில் வியப்பில்லை.

ஒரு சென் காணிக்கை

இந்த அன்பளிப்புக்கு ஈடு செய்ய வேண்டும் அல்லவா? ஜப்பானிய நவீனத் தொழில் வளர்ச்சியின் தந்தை என்று போற்றப்படும் ஷிபுசாவா எய்இச்சி இப்பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 87. (2024 ஜூலை முதல் 10,000 யென் நோட்டில் காணப்படும் முகம் இவருடையதே.) பணக்காரர்களிடம் கேட்டிருந்தால் தொகை ஒரே நாளில் சேர்ந்திருக்கும். ஆனால் சுமார் 26 லட்சம் சிறுமிகள் தலைக்கு 1 சென் கொடுத்தனர். 100 சென் சேர்ந்தது 1 யென். ஆகவே மொத்தம் சுமார் 26,000 யென். ஒரு குழந்தைக்கு ஒரு சென் என்பது ஒன்றுமில்லை. எல்லாரும் சேர்ந்தபோது அது நாட்டின் மிகச் சிறந்த பொம்மைக் கலைஞர்களுக்கு வேலை கொடுக்கும் தொகையாயிற்று.

58 என்ற எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. அன்றைய 47 மாநிலங்களுக்கு ஒவ்வொன்று. கொரியா, தைவான் முதலாக அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த 4 பகுதிகளுக்கு ஒவ்வொன்று. 6 பெரு நகரங்களுக்கு ஒவ்வொன்று. நாடு முழுமைக்கும் சேர்த்து ‘மிஸ் ஜப்பான்’ என்ற ஒன்று. முதல் 51 பொம்மைகள் தோக்கியோவிலும் எஞ்சிய 7 கியோட்டோவிலும் உருவாயின. தோக்கியோவில் 1711 முதல் தொழில் நடத்தி வரும் யோஷிதோக்கு நிறுவனம் இப்பணியில் முக்கியப் பங்கு ஏற்றது. கலைஞர்களுக்குள் போட்டி வைத்துப் பொம்மைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அப்போட்டியில் புகழ் பெற்றவர் ஹிரதா கோயோ என்னும் இளைஞர். 1903இல் பிறந்த இவர், பின்னாளில், 1955இல், ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற உயரிய சிறப்பைப் பெற்றார். பொம்மை செய்வது விளையாட்டுப் பொருள் வணிகம் மட்டுமன்று, ஒரு நுண்கலை என்பதை ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

மரத்தூளில் பிறந்த முகம்

இப்பொம்மைகள் ‘இச்சிமட்சு’ என்னும் மரபைச் சேர்ந்தவை. 18ஆம் நூற்றாண்டில் புகழ் பெற்றிருந்த சனோகாவா இச்சிமட்சு என்ற கபுக்கி நாடக நடிகரின் பெயரால் வழங்குபவை. தெய்வமோ அரசியோ அல்லாத ஒரு சாதாரணக் குழந்தையின் உருவம் இது.

இதற்கு ஏற்ற மரம் ‘கிரி’. இதன் ஒரு கன செ.மீ. எடை ஏறத்தாழ 0.3 கிராம்தான், தேக்கு இதைப் போல் இரு மடங்குக்கும் மேல் கனக்கும். உயிரணுக்களுக்குள் காற்று நிறைந்திருப்பதே கிரியின் இலேசான எடைக்குக் காரணம். ஈரம் ஏறி இறங்கும்போது இது உருமாறுவதும் குறைவு. ஜப்பானியர் பட்டாடை வைக்கும் பெட்டிகளையும் இம்மரத்தில் செய்வதற்கு இதுவே காரணம்.

தலையை மரத்தில் நேராகச் செதுக்கலாம். ஆனால் மற்றொரு முறையும் உண்டு. கிரி மரத்தூளைக் கோதுமை மாவுப் பசையுடன் பிசைந்து அச்சில் அழுத்தி உலர்த்துவார்கள். ‘மரத்தை விட்டு மரத்தூளை நாடுவானேன்?’ என்று கேட்கத் தோன்றும். மரத்துண்டு ஒன்று ஈரத்தை உறிஞ்சும்போது இழை ஓடும் திசையில் நீள்வது மிகக் குறைவு; இழைக்குக் குறுக்கே விரிவதோ பல மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வினால்தான் கதவுகள் மழைக்காலத்தில் பிடித்துக்கொள்கின்றன, பலகைகள் வளைகின்றன. மரத்தூளில் இழைகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஆகவே அதில் செய்த தலை விரிந்தாலும் சுருங்கினாலும் ஏறத்தாழ எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மாறும், முகம் கோணாது. இன்றைய மரத்தூள் பலகைகளில் பொறியாளர் பயன்படுத்தும் கருத்து இதுவே.

சிப்பி எப்படித் தோலாகிறது?

இனி வருவதுதான் இக்கலையின் உயிர். மரத்தூள் தலையின் மேல் ‘கோஃபுன்’ என்னும் வெண்பூச்சு பூசப்படுகிறது. உண்ணத்தக்க ஆளி இனச் சிப்பிகளின் ஓடுகளைப் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடக்க விடுவார்கள். உயிர்ப்பொருள் முழுதும் அழுகிக் கழிந்த பின் ஓட்டை மாவாக அரைத்து நீரில் அலசி நுண்பொடியாக்குவார்கள். நாம் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறோம். கோஃபுன் அப்படிச் சுடப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே அது கால்சியம் கார்பனேட்டாகவே இருக்கிறது. கைகளைப் பொத்துப்போகச் செய்யும் காரத்தன்மை அதில் இல்லை.

இப்பொடியை ‘நிக்காவா’ என்னும் தோல் பசையில் குழைப்பார்கள். நம் தச்சர்கள் முன்பு காய்ச்சிப் பயன்படுத்திய வச்சிரத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. சூட்டில் நீர்மமாக ஓடும்; ஆறினால் கூழாக உறையும்; உலர்ந்தால் இறுகும். முதலில் அடிப்பூச்சு, பிறகு குழைவான கோஃபுனால் மூக்கு, உதடு, இமை முதலிய மேடுகளை எழுப்புதல், பிறகு நடுப்பூச்சு, கடைசியில் மேற்பூச்சு. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்கள். மேலே போகப் போகப் பசையின் விகிதத்தைக் குறைத்துக்கொண்டே போவது விதி. உலரும் பசை சுருங்கும் அல்லவா? வலுவான மேற்படலம் வலுவற்ற கீழ்ப்படலத்தை இழுத்தால் இரண்டும் பெயர்ந்து வரும். கீழே வலுவும் மேலே மென்மையும் இருந்தால்தான் பூச்சு நிற்கும்.

பூச்சு உலர்ந்த பின் அந்த முகத்தைப் பார்ப்பவர், ‘இது வர்ணம் அன்று, தோல்’ என்று நினைப்பார். ஏன்?

ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குள் செல்லும்போது எல்லையில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்பும் என்பது இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களைப் பொறுத்தது. அவை n1, n2 எனில், நேராக விழும் ஒளியில் திரும்பும் பங்கு (n1 – n2)² / (n1 + n2)² ஆகும். இக்காலத்து வெள்ளை வர்ணங்களில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7. பசையின் எண் சுமார் 1.5. கணக்கிட்டால், ஒவ்வோர் எல்லையிலும் 100இல் 8 பங்கு ஒளி திரும்பிவிடும். நுண்துகள்கள் கோடிக்கணக்கில் இருப்பதால், ஒளி மேற்பரப்பிலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. அதனால் அவ்வெண்மை சுவரைப் போல் ஒளி புகாத வெண்மை.

சிப்பித்தூளின் எண்ணை 1.6 என்று கொள்வோம். பசையுடன் அதன் எல்லையில் திரும்புவது 1,000இல் 1 பங்குதான். துகள்களுக்கிடையே பசை நிரம்பாத சிறு காற்றறைகளும் உண்டு. அங்கே 100இல் 5 பங்கு திரும்பும். ஆகவே கோஃபுன் படலத்தில் விழும் ஒளி சற்று ஆழம் வரை சென்று, அங்குமிங்கும் சிதறி, வேறோர் இடத்தில் மெதுவாக வெளியே வருகிறது. மனிதத் தோலில் நிகழ்வதும் இதேதான். விரலால் ஒரு டார்ச் விளக்கை மூடிப் பாருங்கள். விரல் ஓரம் சிவந்து ஒளிர்வது, ஒளி தோலுக்குள் புகுந்து பரவுவதால்தான். நிழலின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் கரைந்து நிற்கும் அந்த மென்மையைச் சிப்பித்தூள் தானாகவே தருகிறது. சூத்திரம் அறியாத கைவினைஞர்கள் பல தலைமுறைப் பழக்கத்தால் தகுந்த பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இக்கலைஞருக்கு ஒரு தொல்லையும் உண்டு. ஈரமாக இருக்கும்போது காற்றறைகளில் நீர் நிற்கிறது. நீரின் எண் 1.33, எனவே திரும்பும் ஒளி 100இல் 1 பங்குக்கும் கீழே போய்விடுகிறது. பூச்சு மங்கலாகத் தெரியும். உலர்ந்த பிறகே உண்மையான வெண்மை வெளிப்படும். ஈரத்துணி கருத்துத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

பார்ப்பது போன்ற கண்

கண்கள் கண்ணாடியால் ஆனவை. அவற்றைத் தலையில் பதித்த பின், கண்ணையும் சேர்த்து மூடி கோஃபுன் பூசுவார்கள். பூச்சு முடிந்ததும் கூரிய சிறு கத்தியால் இமைக் கோட்டைக் கீறிக் கண்ணைத் திறப்பார்கள். கத்தி ஒரு மயிரிழை வழுவினால் முகத்தின் பாவமே மாறிவிடும்.

இப்பொம்மையின் முன் நடந்தால் அது நம்மையே பார்ப்பது போல் தோன்றும். கண்ணாடிக் கண் ஒரு குவியாடி போல் நடந்துகொள்கிறது. ஜன்னலின் ஒளி அதில் ஒரு சிறு பொட்டாகத் தெரியும். நாம் நகரும்போது அந்தப் பொட்டும் நகரும். வரைந்த கண்ணிலோ வெள்ளைப் பொட்டு ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உயிருள்ள கண்ணின் ஈரப் பளபளப்பை நாம் பிறந்தது முதல் பார்த்துப் பழகியவர்கள். நகரும் ஒளிப்பொட்டைக் கண்டதும் ‘இது உயிர்’ என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது.

கடல் கடந்த பின் வந்த சோதனை

1927 நவம்பரில் பொம்மைகள் யோகோஹாமாவில் ‘டென்யோ மாரு’ என்ற கப்பலில் ஏறி, அம்மாதம் 25ஆம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோவை அடைந்தன. குட்டிப் பெட்டகம், தேநீர்ப் பாத்திரங்கள், விளக்குகள், மரச்செருப்பு, குடை எனச் சீர்வரிசையும் உடன் சென்றது. 1928இல் அவை நானூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் வரவேற்பைப் பெற்றன. பின்னர் பல மாநிலங்களின் அருங்காட்சியகங்களில் குடியமர்ந்தன. மிஸ் ஜப்பான் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கும், மிஸ் கியோட்டோ பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கும் சென்றன.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத ஒரு சோதனை காத்திருந்தது. தோக்கியோவின் மழை மாதங்களில் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பொம்மையின் எல்லாப் பொருள்களும் அத்தகைய காற்றில் பிறந்தவை. வட அமெரிக்காவின் குளிர்காலத்து அறையில் நிலைமை என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம்.

வெளியே வெப்பநிலை –10° செ. என்க. அக்காற்று முழுதும் நிறைவுற்றிருந்தாலும் ஒரு கன மீட்டரில் சுமார் 2.4 கிராம் நீராவிதான் இருக்கும். அக்காற்று உள்ளே வந்து 20° செ. வரை சூடாக்கப்படுகிறது. அவ்வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று 17.3 கிராம் நீராவியை ஏற்க வல்லது. இருப்பதோ 2.4 கிராம். எனவே ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 14 சதவீதம்! வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, கதகதப்பான கூடத்தில் பாலைவனக் காற்று. தாகம் கொண்ட அக்காற்று மரத்தூளிலிருந்தும் பசையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சுகிறது. உடல் சுருங்குகிறது, சிப்பித்தூளோ ஈரத்தால் ஊறவும் சுருங்கவும் மாட்டாத கனிமப் பொருள். அடியில் உள்ளது சுருங்க, மேலே உள்ளது மறுக்க, பூச்சு விரிசல் விடுகிறது. நுனிமூக்கிலும் விரலிலும் செதிள் செதிளாக உரிகிறது. கோடையில் ஈரம் திரும்ப, உடல் மீண்டும் விரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்த இழுபறி.

அதிக ஈரமும் தீங்கே. 65–70 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் இருந்தால் மாவுப் பசையிலும் வச்சிரத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அருங்காட்சியகங்கள் 50 சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கம் இல்லாமல் வைக்க முயல்கின்றன. எந்த அளவு என்பதைவிட, மாறாமல் இருப்பதே முக்கியம்.

பொம்மையின் தலையிலேயே ஓர் ஈரமானி இருப்பதையும் சொல்ல வேண்டும். மனித மயிர் வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு வரும்போது சுமார் 2 சதவீதம் நீள்கிறது. 1783இல் சொசூர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் இப்பண்பைக் கொண்டே மயிர் ஈரமானியை விளக்கினார்.

ஒளி என்னும் எதிரி

கிமோனோவின் வண்ணங்களுக்கு எதிரி ஒளி. சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், ஊதாவுக்கு 3.1, 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாவுக்கு 4.1. கரிம மூலக்கூறுகளில் இரு கார்பன் அணுக்களை இணைக்கும் பிணைப்பை முறிக்க சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். சாய மூலக்கூறும் பட்டின் புரதமும் இப்படித்தான் சிறிது சிறிதாக அறுபடுகின்றன. இச்சேதம் திரும்பி வராதது. வெளுத்த சாயத்தை எந்த மருத்துவரும் மீட்க முடியாது.

பட்டுப் பொருள்களுக்கு 50 லக்ஸ் ஒளிக்கு மேல் வேண்டாம் என்பது அருங்காட்சியக மரபு. நேர் வெயிலின் செறிவு சுமார் 1,00,000 லக்ஸ். ஒரு மணி நேர வெயில், 50 லக்ஸ் விளக்கின் கீழ் 2,000 மணி நேரத்துக்குச் சமம். நாளொன்றுக்கு 8 மணி என்றால் 250 நாட்கள்! அருங்காட்சியகத்தில் விளக்கு மங்கலாக இருப்பது சிக்கனத்தால் அன்று என்பதை இனி நாம் மறக்கமாட்டோம்.

போரில் மறைந்தவை

பொம்மைகள் சென்றன, சட்டம் மாறவில்லை. ஜப்பானியர் குடியேற்றத்துக்கு இருந்த முழுத்தடை 1952 வரை நீடித்தது. அதற்கு முன்பே, 1941 டிசம்பரில், இரு நாடுகளும் போரில் இறங்கின.

ஜப்பானில் நீலக்கண் பொம்மைகள் ‘பகைவரின் பொம்மைகள்’ ஆயின. 1943ஐ ஒட்டி அவற்றை அழிக்குமாறு கட்டளை பிறந்தது. பள்ளிகளில் எரித்தனர், மூங்கில் ஈட்டியால் குத்தினர். மாணவர் கண்முன்னேயே இது நடந்தது. ஆயினும் சில ஆசிரியர்களுக்கு மனம் வரவில்லை. பரணிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஒளித்து வைத்தார்கள். அது தெரிந்தால் என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. 12,000க்கும் மேற்பட்டவற்றுள் முந்நூறுக்குச் சற்று அதிகமானவை மட்டும் இன்று எஞ்சியிருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அதாவது 100க்கு 3 கூட இல்லை. 1970களில் இவை ஒவ்வொன்றாக வெளிப்படத் தொடங்கியபோதுதான் இக்கதை மீண்டும் பேசப்பட்டது.

அமெரிக்காவிலும் ஜப்பானியப் பொம்மைகளில் பல காட்சிக் கூடங்களிலிருந்து எடுக்கப்பட்டுக் கிடங்குக்குப் போயின. சில தொலைந்தன. ஆனால் 58இல் நாற்பதுக்கும் மேற்பட்டவை இருக்கும் இடம் இன்று தெரியும். வேண்டாதவர் என்று ஒதுக்கி வைத்த இருட்டு, சாயத்துக்கு நன்மையே செய்தது. ஒளி படாத ஆண்டுகள் அந்தப் பட்டுக்குக் கூடுதலாகக் கிடைத்த ஆயுள் எனலாம்.

பழுது பார்க்கும் கை

1970களுக்குப் பிறகு பல பொம்மைகள் தாய்நாட்டுக்குக் கப்பலேறின, விமானமும் ஏறின. பழுது பார்த்துக்கொள்ளவும், பிறந்த ஊர் மக்கள் பார்க்கவும் சென்றன. அவற்றில் பலவற்றை யோஷிதோக்கு நிறுவனமே செப்பனிட்டது.

செப்பனிடும்போது ஒரு சிக்கல் எழுந்தது. 1928இல் ஊர் ஊராகச் சென்றபோது பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் மீண்டும் அடுக்குவதுமாக இருந்ததில், பெயர்ப்பலகைகளும் சாமான்களும் இடம் மாறிப்போயிருந்தன. ஒரு மாநிலத்தின் பெயரில் நிற்பது உண்மையில் மற்றொரு மாநிலத்தின் பொம்மை! கிமோனோவிலும் சீர்வரிசையிலும் பொறித்த குலச்சின்னங்களையும் பழைய புகைப்படங்களையும் ஒப்பிட்டு, ஆய்வாளர்கள் பல பொம்மைகளின் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்தனர்.

முகத்தைச் செப்பனிட முடிந்ததற்குக் காரணம் அந்த வச்சிரமே. அது வெந்நீரில் இளகும். ஆகவே உரிந்த பூச்சை மென்மையாக்கி ஒட்டலாம். தேவையான இடத்தில் பழைய முறையிலேயே புதிய கோஃபுனைத் தீட்டலாம். பின்னால் வருபவர் அது சரியில்லை என்று கண்டால் அதையும் நீக்கலாம். ‘செய்த பழுதுபார்ப்பைத் திரும்ப நீக்க முடிய வேண்டும்’ என்பது இன்றைய பாதுகாப்பியலின் அடிப்படை விதி. இக்காலத்துப் பிளாஸ்டிக் பசையில் அது எளிதன்று. ஆனால் இளகும் குணத்துக்கு மறுபக்கமும் உண்டு. முகத்தில் அழுக்கு என்று எண்ணி, நல்ல மனத்தோடு ஈரத்துணியால் துடைத்தவர்கள் கோஃபுனையே துடைத்தெடுத்த கதைகள் உண்டு. அன்பு மட்டும் போதாது. பொருளின் இயல்பும் தெரிந்திருக்க வேண்டும்.

செய்து பார்க்க

1. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளியை விடுகிறது. தாளின் இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்து, ஒளிவிலகல் எண்களின் வேறுபாட்டைக் குறைத்துவிட்டது. ஈரக் கோஃபுன் மங்குவதும் இதனால்தான்.

2. கறுப்புக் கோலிக்குண்டு ஒன்றை ஜன்னல் அருகே வைத்து, அதைப் பார்த்தபடி இடமும் வலமும் நகருங்கள். ஒளிப்பொட்டு உங்களைத் தொடர்வதைக் காண்பீர்கள்.

3. எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவிய நீண்ட தலைமயிர் ஒன்றின் ஒரு முனையைச் சட்டத்தில் கட்டுங்கள். மறு முனையை, ஓர் ஊசியில் சுழலும் இலேசான முள்ளின் சுழல்மையத்துக்கு மிக அருகே இணையுங்கள். மறுபுறம் சிறு எடை ஒன்று மயிரை இழுத்துப் பிடிக்கட்டும். மழை நாளிலும் வெயில் நாளிலும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்து வாருங்கள்.

1980களின் பிற்பகுதியிலிருந்து கூலிக்கின் பேரர், ஒரு கணிதப் பேராசிரியர், ஜப்பானியப் பள்ளிகளுக்குப் புதிய பொம்மைகளை அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினார். 26 லட்சம் சிறுமிகளில் ஒவ்வொருவரும் கொடுத்தது ஒரு சென். அது சிப்பித்தூளாகவும் பட்டாகவும் மாறி இன்றும் கண்ணாடிப் பேழைகளுக்குள் நிற்கிறது. அந்தப் பேழைகளில் ஈரம் 50 சதவீதம், ஒளி 50 லக்ஸ். அந்த இரண்டு எண்களையும் நாள்தோறும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரை 58இல் எஞ்சியவை எஞ்சியிருக்கும்.